சவுந்தர்யாவை பலி கொண்ட குட்டி விமானம்: விழுந்தால் யார் பொறுப்பு?

கோபிசெட்டிபாளையம் –

சினிமா ஷூட்டிங்குக்கு பேர் போன ஊர் கோபி. வாய்க்கால் மேட்டிலும் நெல் வயலிலும் எடுக்காத டூயட் இல்லை. நடிகர், நடிகைகள் பெயரை இங்கே சின்னப் பையன்கூட ஒப்பிப்பான்.

"அருணாசலம்", "படையப்பா" படங்களில் ரஜினிகாந்துடன் நடித்த சவுந்தர்யாவை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்துவிட முடியாது. அவர் செத்தது ஒரு குட்டி விமானத்தில்!

2004-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி. சனிக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்த நேரம். பாரதீய ஜனதாவுக்கு ஓட்டுக் கேட்க ஆந்திராவில் இருந்த கரீம்நகருக்கு சவுந்தர்யா புறப்பட்டார். பெங்களூர் ஜக்கூரில் சின்ன விமான தளம் ஒன்று உண்டு. அங்கே "செஸ்னா 180" விமானம் தயாராக நின்றது. ஒற்றை என்ஜின். உள்ளே சவுந்தர்யா, அவருடைய அண்ணன் அமர்நாத், இன்னொருவர், விமானி. மொத்தம் 4 பேர்.

காலை 11 மணி சுமாருக்கு விமானம் கிளம்பியது. நூறு, நூற்றைம்பது அடிதான் ஏறியிருக்கும். இடது பக்கம் திரும்பியது. ஆடியது. அடுத்த கணம் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் தலைகுப்புற விழுந்து தீப்பிடித்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஓடி வந்தும் பிரயோசனம் இல்லை. 4 பேரும் உடல் கருகி செத்தார்கள்.

அவர் கடைசியாக நடித்த "ஆப்தமித்ரா" கன்னடப் படம் அவர் செத்த பிறகுதான் தியேட்டருக்கு வந்தது. அதே கதைதான் தமிழில் "சந்திரமுகி" ஆனது.

சைக்கிள் கணக்கு

பெரிய விமானம் 30 ஆயிரம் அடிக்கு மேலே பறக்கும். அங்கே ஒரு கோளாறு வந்தால் யோசிக்க நேரம் இருக்கும். குட்டி விமானத்துக்கு ஆபத்து தளத்தின் வாசலிலேயே காத்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் கண்டம்.

இறக்கை மேல் காற்று ஒழுங்காக ஓடினால்தான் விமானம் மிதக்கும். மூக்கை ரொம்பத் தூக்கினாலோ, வேகம் குறைந்த நேரத்தில் ஒடித்துத் திருப்பினாலோ காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். விமானக்காரர்கள் இதை "ஸ்டால்" என்பார்கள். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஸ்டால் வரும். மெதுவாகப் போகிற சைக்கிளை வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள், தெரியும்!

3 ஆயிரம் அடியில் இது நடந்தால் மூக்கைக் கீழே இறக்கி, வேகம் பிடித்து, தப்பித்து விடலாம். 100 அடியில்? மூக்கை இறக்கினால் மண்தான்.

அதனால்தான் பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிளம்பின உடனே என்ஜின் நின்றுபோனால் திரும்பி வராதே. எதிரே வயலோ, ரோடோ, பொட்டலோ கண்ணில் பட்டதில் இறக்கு! ஆனால் ஓடுபாதை பின்னாலேயே இருக்கும்போது மனசு கேட்குமா? கை தன்னாலே திருப்பும். அதிலேயே கதை முடியும். எல்லா விபத்துக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அடிக்கடி நடப்பது இது.

போதாக்குறைக்கு, ஊருக்கு வெளியே அமைத்த தளங்களைச் சுற்றி இப்போது ஊரே வந்துவிட்டது. ஜக்கூரைச் சுற்றிலும் கட்டிடங்கள். எதிரே இறக்கலாம் என்றால் எதிரே வீடு!

பிரதமர் மகன்

விமானி மேல் நேராகவே விரல் நீண்ட விபத்து 1980-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி டெல்லியில் நடந்தது. செத்தவர் பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி. வயது 33. அப்போது அமேதி எம்.பி.

சப்தர்ஜங் விமான தளத்தில் இருந்து "பிட்ஸ்" விமானத்தில் காலை 8 மணி வாக்கில் கிளம்பினார். இரண்டு பேர் உட்காரும் சர்க்கஸ் விமானம் அது. கூடப் போனவர் கேப்டன் சக்சேனா என்ற பயிற்சியாளர். நகரத்துக்கு மேலேயே, அதுவும் தாழ்வாக, குட்டிக்கரணம் அடித்தார். கீழே பாய்ந்த விமானத்தை மேலே தூக்க முடியவில்லை. வில்லிங்டன் கிரசென்ட் பகுதியில் மரங்களுக்கு நடுவே விழுந்து நொறுங்கியது. இருவரும் பிணம். இந்திரா காந்தி ஓடோடி வந்தார்.

குடியிருப்புக்கு மேலே தாழப் பறந்து வித்தை காட்டக்கூடாது என்பது சாதாரண விதி. அது சஞ்சய்க்கும் தெரியும். அவர் விதியை மீறுகிறார் என்று குறிப்பு எழுதிய உயர் அதிகாரி லீவில் அனுப்பப்பட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அண்ணன் ராஜீவ் காந்தி இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி. செருப்புப் போட்டுக்கொண்டு விமானம் ஓட்டாதே, ஷூ போடு என்று தம்பியைக் கண்டித்ததாகவும் சொல்வார்கள். பெரிய இடத்துப் பிள்ளையிடம் "வேண்டாம்" என்று யார் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளரும் சேர்ந்து செத்தார்.

"மாட்டேன்" என்று சொல்லலாம்

சட்டப்படி விமானத்துக்கு எஜமான் விமானிதான். ஏறியிருப்பவர் மந்திரியாக இருந்தாலும், நடிகையாக இருந்தாலும், வானம் சரியில்லை, பாரம் அதிகம் என்றால் "எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் தேர்தல் நேரத்தில் கூட்டம் காத்திருக்கும். தலைவருக்கு அவசரம். விமானியோ சம்பளக்காரர். 2001-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கான்பூர் கூட்டத்துக்குப் போன மாதவராவ் சிந்தியாவின் விமானம் மெயின்புரி அருகே விழுந்து 8 பேர் செத்தார்கள்.

இன்னொரு சங்கதி. விமான விபத்துகளை ஆராய மத்திய அரசு 2012-ம் ஆண்டு தனிப் பிரிவு அமைத்தது. அதன் வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது மட்டும். யாரையும் குற்றவாளி ஆக்குவது அதன் வேலை இல்லை. "விமானி தவறு" என்று அறிக்கை வந்தாலும் அது தண்டனை ஆகாது. அதற்குப் போலீசும் கோர்ட்டும் வேண்டும். விமானியே செத்துவிட்டால் கூண்டில் நிற்பது யார்? கம்பெனியா, பழுது பார்த்தவரா, போகச் சொன்னவரா?

ரோட்டில் இறங்கியது

கோபியில் விமான தளம் இல்லை. சேலம் மாவட்டத்தில் ஓமலூர் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பயிற்சி விமானங்கள் பறக்கின்றன.

2025-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அப்படிக் கிளம்பிய "செஸ்னா" ஒன்றில் வழியில் கோளாறு. பட்டப்பகலில் திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், நார்த்தாமலை அருகே, வண்டிகள் ஓடுகிற ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். விமானத்தின் முன்பக்கம் சேதம். உயிர்ச்சேதம் இல்லை. பஸ்சும் லாரியும் நின்றன. விமானத்தைப் பார்க்க ஊர் சனம் கூடிவிட்டது.