கம்பெனி ஆம்ப்ளிஃபையரும் புதிய ஸ்டீரியோவும்

சாதாரணக் கார்களில் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும். போஸ், ஜேபிஎல் போன்ற ஒலியமைப்போடு வரும் பல கார்களில் அது தனிப் பெட்டியாக இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள கருவி மெல்லிய சிக்னலை அனுப்புவதோடு சரி. போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983 மாடல் காடிலாக் செவில் முதலான கார்களில் கொண்டுவந்த அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. இத்தகைய காரில் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றை மாட்டினால், பெரும்பாலும் முதலில் கிடைப்பது நிசப்தம்தான்.

காரணம், ஆம்ப்ளிஃபையர் விழிக்கவே இல்லை. ஸ்டீரியோவை ஆன் செய்ததும் 12 வோல்ட் தரும் ‘ரிமோட்’ ஒயர் அதற்கு வேண்டும். புதிய ஸ்டீரியோக்களில் இது வழக்கமாக வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர். கோடில்லாத நீல ஒயர் ஆன்டெனாவுக்கானது; பல செட்களில் ரேடியோ பாடும்போது மட்டுமே அதில் மின்சாரம் வரும். அதில் இணைத்துவிட்டால் ரேடியோ பாடும், யுஎஸ்பிக்கு மாற்றியதும் சத்தம் நின்றுவிடும். மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. அதில் இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் இரவெல்லாம் ஓடி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

அடுத்தது சிக்னலின் அளவு. இங்குதான் சேதம் அதிகம். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் ஒயர்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் தரும்போது அவற்றிடையே சுமார் 9 வோல்ட் இருக்கும். பின்புற ஆர்சிஏ துளைகளில் வருவது 2 முதல் 5 வோல்ட். மெல்லிய சிக்னலுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் ஒயரை நேராகச் சொருகினால் ஒலி கரகரக்கும். உள்ளீட்டுப் பகுதியே கெட்டுப்போகவும் கூடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பாட்டு ஓடாதபோது பிளஸ், மைனஸ் இரண்டு ஒயருமே காரின் எர்த்தைவிடச் சுமார் 6 வோல்ட் மேலே நிற்கும். அவற்றுக்கிடையே மட்டும் வித்தியாசம் இருக்காது. அந்த மைனஸை பாடியில் எர்த் செய்தால் ஸ்டீரியோவின் ஐசி கருகலாம். இதற்காகவே சிக்னலைக் குறைத்துத் தரும் ‘லைன் அவுட்புட் கன்வெர்ட்டர்’ விற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக வாங்குவது நல்லது. அது இரு பக்கத்தின் எர்த்தையும் பிரித்துவிடும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பது எஞ்சின் ஓடும்போது தெரியும். கம்பெனி ஆம்ப்ளிஃபையர்கள் பலவும் இரு ஒயர்களின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்பவை. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுவதால் கழிந்துபோகும். ஆர்சிஏயில் மைனஸ் பொது எர்த்தோடு சேர்ந்தது. ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் அவற்றிடையே ஓடும் சிறு மின்னோட்டம், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் கீச்சொலியாகக் கேட்கும்.

ஆம்ப்ளிஃபையரையே விலக்கிவிட்டு ஸ்பீக்கரை நேராக இணைப்பது எளிய வழி போலத் தோன்றும். ஆனால் போஸ் ஸ்பீக்கர்கள் பலவும் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு; ஸ்டீரியோக்களோ பெரும்பாலும் 4 முதல் 8 ஓமுக்குச் செய்யப்பட்டவை. தடை பாதியானால் மின்னோட்டம் இரட்டிக்கும். ஒலியைக் கூட்டியதும் செட் சூடாகி அணைந்துவிடும். ஸ்பீக்கரையும் மாற்றினால்தான் இந்த வழி பலிக்கும்.

2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த மோஸ்ட் இணைப்பில் மேற்சொன்ன எதுவும் செல்லாது. அங்கே ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டு பிளாஸ்டிக் ஒளியிழையில் டிஜிட்டலாகப் போகிறது. கருவிகள் வளையமாகக் கோக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றினாலே வளையம் முழுதும் செயலிழக்கும். அவ்வகைக் காருக்கென்றே செய்த இன்டர்ஃபேஸ் பெட்டி கிடைக்காவிட்டால், ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.