தலைமுடி சொல்லும் செய்தி

கார்த்திகை மாதத்தில் வேலியோரங்களில் தீச்சுடர் போல் பூத்திருக்கும் செங்காந்தளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. அழகுக்குக் கீழே மண்ணில் மறைந்திருப்பதோ கொடிய நஞ்சு! அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி உண்டு உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்கும் சில நாட்களில் தலைமுடி கொட்டியது. வயிற்றில் போன நஞ்சுக்கும் தலைமுடிக்கும் என்ன தொடர்பு?

அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். ஐரோப்பாவில் வளரும் கோல்சிகம் என்ற செடியிலிருந்து 1820-ல் பிரெஞ்சு அறிஞர்கள் இதை முதலில் பிரித்தெடுத்தனர். செங்காந்தளும் அச்செடியின் குடும்பமே.

நம் உயிரணுக்களுக்குள் மிக நுண்ணிய குழல்கள் உள்ளன. டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டு இவை உருவாகின்றன. கோல்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டால் குழல் வளராது.

இதனால் என்ன நேரும்? இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால் சிலருக்கு அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியும். வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வரும். மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்கும். இதுவே அழற்சி. நுண்குழல்கள் குலைந்தால் வெள்ளணுக்களின் நடமாட்டம் தடைப்படும், வீக்கம் தணியும். சில மில்லிகிராமுக்கும் குறைவான கோல்சிசினே இதற்குப் போதும். இதற்காகவே செங்காந்தள் விதைகள் தமிழ்நாட்டில் விளைவிக்கப்படுகின்றன.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவையும் இக்குழல்களே. குழல் இல்லையேல் பிரிதல் பாதியில் நின்றுவிடும். ஆய்வுக்கூடத் தட்டில், ஓயாமல் பெருகும் புற்றுநோய் அணுக்களைக் கோல்சிசின் இவ்வாறு மடக்கிவிடுகிறது.

அப்படியானால் இது புற்றுநோய்க்கு மருந்தா? இல்லை! குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவற்றின் நல்ல அணுக்களும் விரைந்து பிரிபவையே. புற்றை அழிக்கும் அளவு கொடுத்தால் நோயாளியே தாங்கமாட்டார். முடி கொட்டிய மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனால் வழி அடைபடவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து 1958-ல் கனடாவில் கண்டறியப்பட்ட வின்பிளாஸ்டினும் டியூபுலினைத்தான் தாக்குகிறது. நோயாளி தாங்கும் அளவிலேயே பயன் தருவதால், அது இன்றும் புற்றுநோய் மருந்தாக உள்ளது.

ஆகவே நண்பர்களே, தட்டில் புற்றணுவைக் கொல்வதெல்லாம் மருந்தாகிவிடாது. நல்ல அணுக்களை வாழவிட வேண்டும்; அதுவே மருந்து. செங்காந்தளைக் கண்ணால் ரசியுங்கள், கிழங்கைத் தொடாதீர்கள்!