எந்தக் கட்சிக்காரர் முதலில்?

நம் தமிழில் 'கட்சிக்காரர்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தேர்தல் மேடையில் அது அரசியல் கட்சியைச் சேர்ந்தவரைக் குறிக்கும். நீதிமன்றத்திலோ, வழக்கறிஞரை நம்பி வந்தவரைக் குறிக்கும். ஒரே மனிதர் தேர்தலில் வேட்பாளராகவும், ஏழைக் கைதிகளுக்கு வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞராகவும் இருந்தால், அவர் எந்தக் கட்சிக்காரரை முதலில் கவனிப்பார்? வாக்களிக்கும் ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஆவடி மாநகராட்சியின் 48 வார்டுகளுக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட அம்பத்தூருக்கும் 2022 பிப்ரவரி 19 அன்று ஒருசேர வாக்குப்பதிவு நடைபெற்றது. இத்தகைய மன்றங்களில் சட்டம் அறிந்தவர்கள் அமர்வது ஊருக்கு நன்மையே. ஆயினும் சட்ட உதவிப் பணியின் தன்மையை அறிந்தால்தான் அதிலுள்ள சிக்கல் விளங்கும்.

பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் நெறி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. அதனைச் செயற்படுத்தும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானக் கணக்கின்றியே இவ்வுதவியைப் பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவர்களுக்கு வழக்கறிஞரை அமர்த்தும். 2022-இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, குற்ற வழக்குகளை நடத்துவதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களும் அமர்த்தப்படுகின்றனர். அவர்கள் தனியார் வழக்குகளை ஏற்கலாகாது.

இப்பணிக்கும் வாக்குச் சேகரிப்புக்கும் இடையே எழும் முதல் மோதல், மக்களின் சினம். தெருவில் திருட்டு நடந்திருக்கிறது. பிடிபட்ட இளைஞனை ஊரே வெறுக்கிறது. அவனுக்காக வாதாடுபவரே மறுநாள் அத்தெருவில் வாக்குக் கேட்டு நிற்கிறார். "அவனுக்கா பேசினீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பூந்தமல்லியிலேயே இதற்கு விடை உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அங்கிருந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அத்தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரை விடுவித்தது. நாடே துயரத்திலும் சினத்திலும் இருந்த ஒரு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டோருக்காகப் பேச எவரும் முன்வராதிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரின் கதி என்ன?

இரண்டாவது மோதல், காலம். 2022 தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இருந்தவை பன்னிரண்டே நாட்கள். வேட்பாளருக்கு ஒவ்வொரு காலைப் பொழுதும் பொன் போன்றது. சிறைக் கம்பிகளுக்குள் இருப்பவனும் நாட்களைத்தான் எண்ணுகிறான். கொடிய குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யாவிடில், ஜாமீனில் வெளிவருவது அவனது உரிமை. ஆனால் அதனை உடனே மனுச் செய்து கேட்க வேண்டும். கேட்கும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அவ்வுரிமை பறிபோகும். அறுபத்தோராம் நாளன்று வழக்கறிஞர் ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தால், ஓர் ஏழையின் விடுதலை எட்டாக்கனியாகிவிடும்.

இவ்விரு பணிகளையும் மாண்புடன் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராக இருந்தார். அப்பதவியில் இருந்தபோதே, இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட டாக்டர் வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடினார். ஆட்சியாளரின் அதிருப்திக்கு அஞ்சி அவர் ஒதுங்கவில்லை.

தலச்சேரி வழக்கறிஞர் வி. ஆர். கிருஷ்ணய்யர், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தாரென்று 1948-இல் ஒரு மாத காலம் சிறையிலிருந்தார். 1952-இல் மலபார் மக்கள் அவரையே சுயேச்சையாகத் தேர்ந்தெடுத்துச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1957-இல் கேரள அமைச்சரானார். 1959-இல் பதவி போனதும் வழக்கறிஞர் பணிக்கே திரும்பினார். 1972-இல் அமைந்த இலவச சட்ட உதவி பற்றிய நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிறருக்காக வாதாடியது அவரது மதிப்பைக் குறைத்துவிடவில்லை.

எனவே, தேர்தலில் நிற்க விரும்பும் சட்ட உதவி வழக்கறிஞர் செய்யத்தக்கது யாது? முழுநேரப் பொறுப்பில் இருப்பவர் அதனைத் துறந்துவிட்டே களமிறங்குவது முறை. அவ்வப்போது வழக்குகளை ஏற்பவரோ, வேட்புமனுவுக்கு முன்பே தம் வாய்தா நாட்களைக் குறித்துக்கொண்டு, இயலாதவற்றை ஆணைக்குழுவுக்கு எழுதித் தெரிவித்து, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இன்றி வழக்கைக் கைவிடலாகாது என்பது வழக்கறிஞர் மன்றத்தின் விதி. கட்சிக்காரர் நம்பிக்கையோடு கூறிய எதையும் மேடையில் பேசலாகாது என்பதும் கடமையே.

வாக்காளராகிய நமக்கும் கடமை உண்டு. வாசலில் வந்து நிற்கும் வழக்கறிஞரிடம், "திருடனுக்கு ஏன் வாதாடினீர்?" என்று கேட்க வேண்டாம். "உம்மை நம்பிச் சிறையிலிருப்பவரின் வழக்கை யாரிடம் ஒப்படைத்து வந்தீர்?" என்று கேட்போம். வாக்கில்லாத ஒரு கைதிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பவர், வாக்களித்த நமக்குக் கொடுத்த வாக்கையும் காப்பார். நம் பிள்ளைகளுள் ஒருவன் என்றேனும் தவறான வழக்கில் சிக்க நேரிட்டால், ஊரார் முகம் சுளித்தாலும் அவனுக்காக எழுந்து நிற்க அத்தகைய ஒருவரையே நாம் தேடுவோம் அன்றோ!