பன்னீர் திராட்சை: இனிப்பு ஏறிய பிறகு வெட்டுங்கள்!

சென்னை மயிலாப்பூர், தியாகராய நகர் பழக்கடைகளில் பன்னீர் திராட்சை வாங்குபவர்கள் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். புளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இந்தப் புளிப்புக்கு முக்கியக் காரணம், கருப்பு நிறம் வந்ததுமே அவசரப்பட்டு வெட்டுவதுதான்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ரகம். அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். கம்பத்திலோ கவாத்து செய்யும் நாளை மாற்றி, ஆண்டு முழுவதும் அறுவடை செய்கிறோம்.

ஏன் பொறுக்க வேண்டும்?

மா, வாழை போலத் திராட்சை பறித்த பிறகு பழுக்காது. கொடியில் ஏறிய இனிப்பு மட்டுமே கடைசி வரை இருக்கும். நிறம் முதலில் வரும். இனிப்பு பிறகுதான் ஏறும்.

ஒயினுக்கும் இதே கணக்குதான். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சாற்றின் இனிப்பு 22 டிகிரி பிரிக்ஸ் இருந்தால் சுமார் 12 சதவீத ஆல்கஹால் கிடைக்கும்; 16 டிகிரி என்றால் 9 சதவீதம்கூட வராது. அதனால்தான் ஒயின் ஆலைகள் இனிப்பை அளந்து பார்த்துப் பழம் வாங்குகின்றன. உரிமம் இல்லாமல் நாமே ஒயின் தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

* முற்றிய, தடிமனான கிளைகளை 4 அல்லது 5 மொட்டு விட்டுக் கவாத்து செய்யவும். மெலிந்த கிளைகளில் 1 அல்லது 2 மொட்டு போதும்.
* குலை முழுவதும் சீராகப் பழுக்க, பிஞ்சு பிடித்த 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் பொட்டாசியம் குளோரைடை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கவும்.
* அறுவடைக்கு 8 நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தவும்.
* குலையின் நுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைச் சுவைத்துப் பாருங்கள். விதை பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும்.
* இனிப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி உண்டு. பல கொடிகளில் இருந்து பழம் எடுத்து, சாற்றை ஒன்றாகக் கலந்து சோதிக்கவும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் போதும்.
* காலை வெயில் ஏறும் முன், காம்பைப் பிடித்து வெட்டவும். பழத்தைத் தொட்டால் மேலுள்ள சாம்பல் பூச்சு அழிந்து, பழையது போலத் தெரியும்.

மழை நெருங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பழம் வெடித்து அழுகிவிடும். எனவே அறுவடை மழையில் சிக்காதபடி கவாத்து நாளைத் திட்டமிடுவதே முதல் வேலை. இதற்கு ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.