ஓதத்தைப் படித்த தண்டல்கள்

தேக்கா என்னும் பெயர், சிறு மூங்கில்களின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரின் திரிபு. அம்மூங்கில்கள் ரோச்சோர் கால்வாயின் கரையில் வளர்ந்தவை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைப் பேசுவோர் தேக்காவிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆயினும், அவ்வட்டாரம் தமிழர் குடியிருப்பாக வளருமுன்பே, தெற்கே சிங்கப்பூர் ஆற்றில் தமிழர் ஒரு நீர்த்தொழிலை நடத்தி வந்தனர். அதுவே தொங்காங் ஓட்டும் தொழில்.

கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றின் சரக்கை இறக்கி, ஆற்று வழியாகப் போட் கீ கிட்டங்கிகளுக்குக் கொண்டு சேர்த்தவை தொங்காங்குகள். தொடக்கக் காலத்தில் இவற்றைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள், சூலியர் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள். 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஆற்றின் மேற்பகுதியில் சூலியர்க்கெனத் தனியிடம் குறிக்கப்பட்டது. கடலோடிகள் போற்றிய நாகூர் ஆண்டவரின் நினைவாக, 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்தது.

இத்தொழிலின் நுட்பம் யாது? மேலைநாட்டுக் கால்வாய்களில் இரு மதகுக் கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியும் இறக்கியும் கடத்திவிடும் காவலர் உண்டு. சிங்கப்பூர் ஆற்றில் கதவும் இல்லை, காவலரும் இல்லை. கடலின் ஓதமே கதவாயிற்று. அது நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். நேரமும் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும்.

1869இல் கேவனா பாலம் கட்டப்பட்டபின் சிக்கல் இரட்டித்தது. நீர் மிக உயர்ந்தால் படகு பாலத்தின் கீழ் நுழையாது; வற்றினாலோ சேற்றில் தரைதட்டும். பாரம் ஏற்றிய படகு நீரில் தாழ்ந்து அமிழும். ஆதலால் அதற்கு ஆழமே கவலை. வெறும்படகு உயர்ந்து மிதக்கும்; அதற்குப் பாலமே கவலை. ஏறும் நீரோடு உள்ளே வந்து, வற்றும் நீரோடு வெளியேறினால் உழைப்பும் மிச்சம். இந்த இடைவேளையைக் கணித்தறிவதே படகுத் தலைவனின் கல்வி. அவனைத் தண்டல் என்பது தமிழ் வழக்கு.

கரையோர வணிகம் பெரும்பாலும் சீனர் கைக்கு வந்தபின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படகுத் தொழிலும் ஹொக்கியன், தியோச்சியூ மக்களிடம் மாறியது. முகப்பில் கண் தீட்டிய அவர்களுடைய துவாக்கோக்களும் ஆற்றுத் துப்புரவுத் திட்டத்தின்படி 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு கடல் ஓதத்தையே தடுத்துவிட்டது. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் நீரும் சிங்கப்பூர் ஆற்று நீரும் இன்று ஒரே நன்னீர்த் தேக்கத்தில் கலக்கின்றன.

தண்டல்களின் பெயர்களோ கணக்கேடுகளோ நம் பாடநூல்களில் இல்லை. ஆனால் சூலியா தெரு இன்றும் ஆற்றங்கரையருகே இருக்கிறது. மலாய் மொழியின் ‘காப்பால்’ நம் கப்பலே. தேக்காவின் மூங்கிலை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், ஆற்றின் தண்டலையும் சேர்த்துச் சொன்னால் இவ்வூர்த் தமிழர் வரலாறு தன் முதல் பக்கத்தைப் பெறும்.