தோட்டப் பாதையில் சக்கரம் தரையை விடாதிருக்க

மம்பாவ் - மழை விட்ட செம்பனைத் தோட்டப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று அந்தரத்தில் சுழலும். இஞ்சின் சக்தியெல்லாம் அதற்கே போய்விடும். வண்டியை உயர்த்தினால் சரியாகும் என்பது பலர் எண்ணம். உயரம் வேறு, சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் வேறு.

பழைய சுஸூக்கி ஜிம்னி, லேண்ட் ரோவர் போன்றவற்றில் இருப்பது பட்டை ஸ்பிரிங். அதைக் கழற்றி, பட்டைகளுக்கிடையே ஏறிய துருவைத் தேய்த்துக் கிரீஸ் பூசி, இறுகிப்போன ரப்பர் புஷ்களை மாற்றினாலே அசைவு கூடும். செலவில் பெரும்பகுதி உழைப்புதான். அடுத்து ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் முழுதாக இறங்குமுன் அது நீண்டு முடிந்துவிட்டால் தடை அதுதான். நீளமானதை மாட்டுவோர் பிரேக் குழாயின் நீளத்தையும் பாருங்கள். இழுபட்டு அறுந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

ஆன்டி ரோல் பார் உள்ள வண்டியில் அதன் இணைப்பைக் கழற்றுவது காசில்லாத வழி. ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் மாட்டிவிட வேண்டும், ரந்தாவ் வரை தானே என்று விடக்கூடாது. வண்டியை உயர்த்துவதாக இருந்தால் ஜேபிஜே அனுமதி முதலில்.