காவிரிக்கரையில் ஒரு பெனடிக்ட் மடம்

காவிரி டெல்டாவில், போலகம் என்ற ஊர்ப் பக்கம் ஓடும் திருமலைராஜன் ஆறு காவிரியின் கிளை. மேற்கே, அதே காவிரியின் கரையில், குளித்தலையை அடுத்த தண்ணீர்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1950இல் ஜூல் மோன்ஷானன், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற துறவி பொறுப்பேற்றார். இங்குள்ளவர்கள் காவி உடுத்தினார்கள். கிறிஸ்தவத் துறவிகளுக்குக் காவியுடை எதற்கு, வெறும் வேடம்தானே என்று இந்து, கிறிஸ்தவம் ஆகிய இரு சமயத்தாரிலும் சிலர் கேட்டார்கள். உடையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். அவர்கள் பின்பற்றும் பெனடிக்ட் ஒழுங்கையும் பார்க்க வேண்டும்.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய அந்த ஒழுங்கு, மடத்துக்குள்ளேயே தண்ணீரும் தோட்டமும் இருக்கச் சொல்கிறது. வயல் வேலை இருந்தாலோ கோடை வெயில் கடுமையானாலோ, புதன், வெள்ளி நோன்பைக்கூடத் தளர்த்துகிறது. எவ்வளவு கனிவான விதி! குறுவை, சம்பா என்று பருவம் பார்த்து வாழும் டெல்டாக்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. துறவிக்கு ஜெபம் போதாதா, மண்வெட்டி எதற்கு என்றும் கேட்கலாம். சோம்பல் உள்ளத்தைக் கெடுக்கும் என்று கருதிய பெனடிக்ட், ஜெபத்தோடு கைவேலைக்கும் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் வகுத்தார். அந்த நேரமும் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு வேறொன்று.